கப்டன் ஏலக்காயும் ஆறு பீரிசும்

தம்பி,

தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கிற பீரிசு ஆறையும் அப்பாவின் பழைய சாறத்துக்குள் ஒவ்வொன்றாகச் சுற்றி, சப்பாத்துப் பெட்டி ஒன்றுக்குள் அடுக்கி, மேலே கயிறும் போட்டுக் கட்டிவிட்டேன். அடுத்த கிழமை உன் சித்தப்பா விமானம் ஏறும்போது கையிலேயே கொண்டுவருவார். பயணப்பெட்டிக்குள் போட வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். நாலாவது தரம் சொன்னபோது அவர் முகம் கோணிப்போனது. நாங்கள் கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னர்தான் அங்கே வந்து இறங்குவோம். இந்தக் கடிதம் அதற்கு முதலே உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் பெட்டியோடு சேர்த்து அனுப்புகிறேன். இதை வாசித்தால் உனக்கு என்னில் கோபம் வரும். அந்தக் கோபத்தை நான் வந்து சேர முதலே நீ ஆறுதலாகக் கோபித்து முடித்துவிட வேண்டும். கலியாண வீட்டுப் படங்களில் நீ உம்மென்று நிற்கக்கூடாது.

நீ போன மாதம் அனுப்பிய படத்தை யன்னலடியில் வைத்துக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் புதுக் குசினி மேசையில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் வெட்டின வெங்காயம், ஒன்றில் உள்ளி, ஒன்றில் கறிவேப்பிலையும் றம்பை இலையும், ஒன்றில் கடுகும் வெந்தயமும். மேகலா கரண்டியோடு நிற்கிறாள். பக்கத்தில் இன்னொரு மேசையில் ஏதோ விளையாட்டுப் பலகை, அதன் காய்களுக்கும் அதே மாதிரிக் கிண்ணங்கள். பின்பக்கத்தில் நீ எழுதியிருந்தாய், "அம்மா, இது உங்கடை சண்டிலிப்பாய் முறை. எங்களுக்குக் கலியாணத்துக்கு வேறை ஒண்டும் வேண்டாம், அந்தப் பழைய பீரிசு ஆறையும் தாங்கோ." எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "உன்ரை வருத்தம் பிள்ளைக்கும் தொத்தியிட்டுது," என்றார்.

பெருமை ஒரு கிழமைதான் நிலைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் இரண்டு பேரும் கதைத்தபோது நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய், "அம்மா, கப்டனைக் களவெடுத்தவளைத்தான் மருமகளாக்கப் போறியள். நகையளைக் கவனமாய் வையுங்கோ." அவளும் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் தொலைபேசியை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருடமாக நீ அந்தப் பிள்ளையைக் கப்டன் கள்ளி என்று கூப்பிடுகிறாய். செல்லமாகத்தான் கூப்பிடுகிறாய், தெரியும். ஆனால் அவள் கள்ளி இல்லை, தம்பி. அதை இந்த உலகத்தில் நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான் என்று போன திங்கட்கிழமை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒழுங்காகத் தொடக்கத்தில் இருந்து வருகிறேன். தொண்ணூறில் சண்டை நெருங்கி வர நாங்கள் தெல்லிப்பழை வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது உனக்கு ஒன்பது வயது. எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க அரைமணித்தியாலமும் கிடைக்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் எங்கள் கலியாணத்துக்கு வந்த தேநீர்ச் செட் இருந்தது, நீலக்கரை போட்டது, பாவித்தால் உடைந்துவிடும் என்று பத்து வருடமாக நான் பாவிக்காமலே காத்தது. "அதை மட்டும் விட்டிட்டு வரமாட்டன்," என்று நான் நின்றுவிட்டேன். அப்பா ஏறி எடுத்து, சைக்கிள் கரியரில் கட்டி, சண்டிலிப்பாய் வரைக்கும் குழந்தைப்பிள்ளையைப் போலக் கொண்டுவந்து சேர்த்தார். பரிமளம் அக்கா எங்களுக்கு ஒதுக்கித் தந்த இரண்டு அறையில் ஒன்றில் இருந்து பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஆறு பீரிசு. கோப்பை ஒன்றும் இல்லை. கோப்பைகள் வேறு பெட்டியில், அதே தட்டில், அலுமாரியிலேயே இருந்துவிட்டன. "எல்லாம் இதுக்கைதான் இருக்கும் எண்டெல்லோ நினைச்சன்," என்று அப்பா தலையைச் சொறிந்தார். நீ உன் பள்ளிக்கூடப் பையைத் திறந்தாய். அதற்குள் உன் லூடோப் பலகை இருந்தது. காய்களும் தாயக்கட்டையும் போட்டு வைத்த ரின்னைக் காணவில்லை. தகப்பன் கோப்பை இல்லாத பீரிசு, மகன் காய் இல்லாத பலகை. வீடு வாசலை விட்டு வந்த அன்றைக்கு நான் வயிறு நோகச் சிரித்தேன். பரிமளம் அக்கா எனக்கு என்னவோ ஆகிவிட்டதாக்கும் என்று தண்ணீர் கொண்டு ஓடி வந்தா.

பரிமளம் அக்காவை நீ மறக்கமாட்டாய், இனி உன் மாமியார் அல்லவா. அவவுக்கும் எங்களுக்கும் முன்பின் பழக்கம் இல்லை. வீட்டுக்காரர் புகையிலைத் தோட்டம் செய்தவர், உள்ளது அளவான வீடு, அதில் பாதியைத் தெரியாத சனத்துக்குத் தந்தா. ஆனால் குசினி ஒன்றுதான், அடுப்பும் ஒன்றுதான். அவ சமைத்து முடித்து இறக்கினதும் நான் ஏற்ற வேண்டும். அவ விட்டுவிட்டுப் போகிற தணலில் என் சட்டியை உடனே வைத்தால்தான் விறகு மிஞ்சும். தணல் எரிந்துகொண்டிருக்க நான் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றால் அது அவவின் விறகைத் தின்கிற வேலை. அதனால்தான் பீரிசு முறை வந்தது. எல்லாவற்றையும் முதலே வெட்டி, அளந்து, போடுகிற ஒழுங்கில் பீரிசுகளில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் காத்திருப்பேன். அக்கா சட்டியை இறக்க நான் ஏற்றுவேன். முதல் பீரிசு, இரண்டாம் பீரிசு, மூன்றாம் பீரிசு. இருபது நிமிடத்தில் கறி முடியும். அக்கா கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பா.

எனக்கு அதில் கர்வம் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையில் இத்தனை வருடத்தில் ஒரு குளிசை மாறிக் கொடுத்தது கிடையாது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொள்வேன். அப்பா சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுத் தேத்தண்ணி கலக்கிய கதையை ஊர் முழுக்கச் சொன்னதும் நான்தான். பிழை விடுகிறவர்கள் எல்லாரும் கவனம் இல்லாதவர்கள் என்பது அந்தக் காலத்தில் என் கொள்கை.

நீங்கள் விளையாட்டைத் தொடங்கியதும் பீரிசுக்கு இழுபறி வந்தது. பள்ளிக்கூடம் பாதி நாள் பூட்டு. நீயும் உன்னைவிட ஒரு வயது இளையவளான மேகலாவும் அப்பாவும் விறாந்தையில் பலகையை விரித்துவிட்டுக் காய்க்கு என்ன செய்வது என்று குசினிக்கு வந்தீர்கள். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் கட்டியை அப்பா நாலு துண்டாக்கினார். நீலத்துக்குக் குசினியில் என்ன இருக்கிறது, கடைசியில் மேகலா கராம்பு எடுத்தாள். சிவப்புக்குச் செத்தல் மிளகாய் வைத்துப் பார்த்து, நீ அந்தக் கையால் கண்ணைத் தேய்த்து, கிணற்றடியில் அரை நாள் குழறியதோடு சிவப்பை விட்டுவிட்டீர்கள். பச்சைக்கு நீ ஏலக்காய் கேட்டாய். அந்த நாளில் ஏலக்காய் கண்ணில் காண்பதே அருமை. "விளையாடி முடியத் திருப்பித் தரவேணும், இது கடன்," என்று சொல்லித்தான் நாலு தந்தேன். நாலில் பெரியதுக்கு நீ பச்சை நூல் ஒன்று கட்டி, கப்டன் என்று பேர் வைத்தாய். தாயக்கட்டையை அப்பா உன் அழிறப்பரை வெட்டிச் செய்தார். ஆளுக்கொரு பீரிசில் அவரவர் காய்கள். ஆக மூன்று பீரிசு விளையாட்டுக்கு, மூன்று எனக்கு. பத்து மணி அடித்தால் உங்களுடைய மூன்றையும் காலியாக்கித் தந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அந்தப் பெரிய ஆட்டம் உனக்கு நன்றாக நினைவிருக்கும். இரண்டு நாள் நடந்தது. அப்பா எப்போதோ தோற்றுவிட்டார். உன்னுடைய மூன்று காய் பழம் ஆகி உள்ளே போய்விட்டன, கப்டனுக்கு இரண்டு கட்டம்தான் மிச்சம். மேகலாவுக்கும் மூன்று உள்ளே, கடைசிக் கராம்புக்கு ஐந்து கட்டம் மிச்சம். அந்த நேரம் பார்த்து இருட்டிவிட்டது. நீ கொப்பி ஒற்றை ஒன்றைக் கிழித்து யார் காய் எங்கே நிற்கிறது என்று எழுதி மடித்தாய். காய்களை அவரவர் பீரிசில் போட்டு யன்னல் கட்டில் வைத்துவிட்டுப் போனீர்கள். விடிய விளையாடலாம் என்றால் விடிய அப்பா உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மாவுக்குச் சங்கக்கடை வரிசையில் நிற்கப் போய்விட்டார்.

அன்றைக்கு மேகலாவின் பிறந்தநாள். பரிமளம் அக்கா கொஞ்சம் சவ்வரிசியும் சீனியும் எங்கேயோ தேடி எடுத்து வைத்திருந்தா. "தங்கச்சி, உங்கடை கையாலை ஒரு பாயாசம் வையுங்கோ, பிள்ளைக்குச் சந்தோசமாயிருக்கும்," என்றா. நான் என் மூன்று பீரிசையும் ஒழுங்கு பண்ணி உங்கள் மூன்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் சீனி, ஒன்றில் முந்திரிகை வத்தல், ஒன்றில் இரண்டே இரண்டு ஏலக்காய். வழமையை விட அரைமணித்தியாலம் முந்தி அக்கா கூப்பிட்டா, "ஓடியாங்கோ, தணல் ஆறப்போகுது." ஓடினேன். பால் பொங்கிக்கொண்டு வந்தது. ஏலக்காயைப் பொடிக்க நேரமில்லை, எட்டிப் பீரிசை எடுத்து அப்படியே கவிழ்த்துவிட்டேன். வெறும் பீரிசைத் திருப்பி வைக்கிறேன், என் இரண்டு ஏலக்காயும் யன்னல் கட்டில் இருந்து என்னைப் பார்க்கின்றன.

குளிசை மாறாத கை. அகப்பையை விட்டுத் துழாவு துழாவென்று துழாவினேன். மூன்று அகப்பட்டன. கப்டனைக் காணவில்லை. சவ்வரிசி இறுகத் தொடங்கிவிட்டது. முற்றத்தில் உங்கள் சத்தம் கேட்டது. மூன்றையும் சீலைத் தலைப்பில் துடைத்துப் பீரிசில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் போலப் பாயாசத்தை இறக்கினேன். கப்டன் யார் குடிக்கிற பேணியில் வந்தாலும், "அட, எப்படி விழுந்தது?" என்று சிரித்துச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். முதல் பேணி பிறந்தநாள்காரிக்குக் கொடுத்தேன். எல்லாரும் குடித்தார்கள். யாருடைய பேணியிலும் ஒன்றும் வரவில்லை.

அதன் பிறகுதான் நீ பலகையை விரித்தாய். "அம்மா, என்ரை கப்டனைக் காணேல்லை." மூன்று ஏலக்காயையும் சுற்றி எறும்பு மொய்த்தது. "ஏன் ஈரமாய்க் கிடக்கு?" என்று கேட்டாய். பீரிசு கழுவினேன் என்றேன். முதல் பொய். எலி கொண்டுபோயிருக்கும் என்றேன். இரண்டாவது. நீ எலியை நம்பவில்லை. "உவள்தான் எடுத்தவள். தான் தோக்கப்போறன் எண்டு தெரிஞ்சு எடுத்தவள்," என்று அவளைக் கை நீட்டிக் காட்டினாய். "நான் எடுக்கேல்லை," என்றாள் அவள், பிறந்தநாள் சட்டையோடு நின்றுகொண்டு. நான் அப்போது வாய் திறந்திருக்க வேண்டும். நான்தான் கப்டனை அவித்துவிட்டேன் என்று மூன்று சொல் சொன்னால் போதும். பரிமளம் அக்காவும் அப்பாவும் அங்கே நின்றார்கள். உப்புத் தேத்தண்ணிக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். வாய் வரவில்லை. அடுப்பைப் பார்க்கிறவள் போல மற்றப் பக்கம் திரும்பினேன்.

மூன்று நாள் நீ அவளோடு கதைக்கவில்லை. ஒரே வீடு, ஒரே கிணறு, ஒரே முற்றம். அவள் உன் பின்னாலேயே வருவாள், நீ மதிலைப் பார்த்துக்கொண்டு இருப்பாய். நாலாம் நாள் காலை நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன், விறாந்தையில் அவள் குரல் கேட்கிறது. "ஓம், நான்தான் எடுத்தனான். துலைஞ்சு போச்சு. இனி விளையாடுவமே?" நீ, "கப்டன் கள்ளி," என்றாய். பிறகு இரண்டு பேரும் சிரித்தீர்கள், அழிறப்பர் கட்டை உருளும் சத்தம் கேட்டது. புது ஆட்டம், புதுக் கப்டனாக ஒரு புளியங்கொட்டை. நான் துருவலையில் இருந்தபடி எழும்பாமல் இருந்தேன். என் பிழையை எட்டு வயதுப் பிள்ளை ஒன்று தன் தலையில் போட்டுக்கொண்டு போகிறது, நான் தேங்காய் துருவுகிறேன். அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் சில்லறைப் பிராயச்சித்தம். வாய்ப்பன் சுட்டால் உனக்கு ஒன்று, அவளுக்கு இரண்டு. "உதென்ன, அந்தப் பிள்ளைக்கு மட்டும் ரெண்டு?" என்று அப்பா கேட்பார். வளர்கிற பிள்ளை என்பேன். நான் வளரவில்லையா என்று நீ சண்டைக்கு வருவாய். அவளுக்குத் தலை இழுத்துக் கட்டியது, கணக்குச் சொல்லிக் கொடுத்தது, பிறந்தநாள் தவறாமல் பாயாசம் வைத்தது, எல்லாம் அந்த ஒரு ஏலக்காய்க்காகத்தான். தொண்ணூற்றைந்தில் எல்லாரும் திக்குத் திக்காகப் போனபோது நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு நீ அங்கே போய், ஏதோ ஒரு கோயில் திருவிழாவில் அவளைக் கண்டு, "அம்மா, ஆரைக் கண்டனான் சொல்லுங்கோ பாப்பம்," என்று தொலைபேசி எடுத்தாய். உன் குரலிலேயே எனக்கு விசயம் விளங்கிவிட்டது. சந்தோசத்தில் குதித்தேன், குதித்துவிட்டு, ஐயோ கப்டன் என்று நினைத்தேன்.

ஆகவே போன திங்கட்கிழமை, நீ வேலைக்குப் போயிருப்பாய் என்று நேரம் பார்த்து, மேகலாவுக்கு எடுத்தேன். அவள் இன்னும் அன்ரிக்கும் மாமிக்கும் நடுவில் தடுமாறுகிறாள். "பிள்ளை, உனக்கு ஒண்டு சொல்லவேணும், கோவிக்காதை," என்று தொடங்கிச் சவ்வரிசி, தணல், யன்னல் கட்டு எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் மெல்லச் சிரித்தாள். "தெரியும் மாமி. கப்டன் என்ரை பேணியிலைதான் கிடந்தவர்."

கதிரையில் இருந்துவிட்டேன். நூல் பல்லில் பட்டதாம். துப்பி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் செவ்வரத்தைச் செடிக்குக் கீழே புதைத்துவிட்டாளாம். "ஏனடி பிள்ளை அப்ப சொல்லேல்லை? உன்னையெல்லோ கள்ளி எண்டவன்," என்று கேட்டேன். அவள் சொன்னாள், "நீங்கள் அடுப்பைப் பாத்துக்கொண்டு திரும்பி நிண்டனீங்கள். உங்கடை காது சிவந்து கிடந்தது. நீங்கள் வந்த அண்டைக்கே அம்மா எனக்குச் சொன்னவ, அவை வீட்டை விட்டிட்டு வந்து நிக்கினம், எங்கடை வீட்டிலை அவை ஆருக்கும் முன்னாலை தலை குனியிற மாதிரி நீ ஒண்டும் செய்யக்கூடாதெண்டு." அதைச் சொல்லிவிட்டு, மாமி அழுகிறீங்களா என்று கேட்டாள். வெங்காயம் என்றேன். அதுவும் பொய், பழக்கம் போகவில்லை. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கெஞ்சினாள். "எப்பவாவது பெரிய சண்டை வரேக்கை வெளியிலை எடுக்கலாம் எண்டு வைச்சிருக்கிறன் மாமி," என்றாள். கெட்டிக்காரி. ஆனால் நான் சொல்கிறேன். அவளுடைய துருப்பை நான் பறித்துவிட்டேன் என்று என்னோடு அவளும் கோபிக்கட்டும்.

கலியாணத்துக்கு முன் பிள்ளைக்கு நாலு புத்தி எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் தாய் என்ற உரிமையில் சொல்கிறேன். ஈரமானதையும் உலர்ந்ததையும் ஒரே பீரிசில் வைக்காதே. மிளகாய்த் தூளை இனிப்புக்குப் பக்கத்தில் வைக்காதே. அடுப்புப் பற்ற வைக்க முதல் எல்லாவற்றையும் எடுத்து வை, ஆனால் போடும்போது ஒரு தரம் கண்ணால் பார்த்துப் போடு, கை அறியும் என்று நம்பாதே. பிழை விட்டால் அடுத்த உலை கொதிக்க முதல் வாய் திறந்து சொல்லிவிடு. முதல் நாளில் மூன்று சொல்லோடு போயிருக்கும், எனக்குப் பதினெட்டு வருடமும் இத்தனை பக்கமும் பிடித்திருக்கிறது. அப்பாவிடமும் நேற்றுச் சொல்லிவிட்டேன். எழும்பிப் போய்த் தானே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தார். உப்புத்தான். வேண்டுமென்றே போட்டிருக்கிறார். முழுவதையும் குடித்தேன்.

பெட்டியைத் திறக்கும்போது பார்த்து எடு. ஒரு பீரிசின் விளிம்பு சிதைந்திருக்கும், அது அப்பாவின் வேலை, என்னுடையது இல்லை, இது சத்தியம். மேல் பீரிசில் ஒரு கடதாசிச் சுருள் இருக்கும். அதற்குள் ஒரு ஏலக்காயும், இழுத்தால் அவிழாதபடி அதில் நான் கட்டிய பச்சை நூலும், ஒரு கராம்பும் இருக்கின்றன. சுற்றி இருப்பது நீ அன்றைக்கு மடித்த கொப்பி ஒற்றை. எறிய எனக்கு மனம் வரவில்லை, மற்றவர்கள் காணி உறுதியைக் காப்பாற்றிக்கொண்டு திரிந்தது போல நான் இதைக் கொண்டு திரிந்தேன். கப்டனுக்கு இரண்டு கட்டம், கராம்புக்கு ஐந்து கட்டம் என்று உன் கோணல் எழுத்தில் இருக்கிறது. மன்னிப்புக் கேள் என்று உனக்கு நான் சொல்லப் போவதில்லை, அது உனக்கே தெரியும். பலகையை விரித்து இரண்டையும் அந்தந்தக் கட்டத்தில் வைத்துவிட்டுத் தாயக்கட்டையை அவள் கையில் கொடு. ஒற்றையின் கடைசி வரியைப் பார், நீயே எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறாய்: "அடுத்த முறை மேகலாவுக்கு."

அம்மா